பதினோரு நிமிஷத்து வடை

ஆலிவர் டவுன் ஸ்டேஷனைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு ஆசை கொஞ்சம் அதிகம். பெரிய லைன் இந்த வழியாகத்தான் போகப்போகிறது என்று யாரோ சொல்லிவிட, மனுஷன் கருங்கல்லில் ஒன்பது வளைவு, கோபுரம், தேக்குப் படிக்கட்டு, மாடியில் முதல் வகுப்புப் பயணிகள் தங்க ஆறு அறை என்று போட்டுத் தாக்கிவிட்டார். பெரிய லைன் வேறு பக்கம் போய்விட்டது. இங்கே வந்து சேர்ந்தது மீட்டர் கேஜ் கிளை லைன் ஒன்று, ஒரு நாளைக்கு நாலு வண்டி. அரண்மனையைக் கட்டி அதில் ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போட்ட கதைதான்.

இந்தச் சரித்திரம் இப்போது ஹோட்டல் வாசலில் பித்தளைப் பலகையில் பளபளக்கிறது. துரை ஏமாந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். 1994-ல் மீட்டர் கேஜைப் பிடுங்கியதும், அகல லைன் மறுபடி இந்தப் பக்கம் வராமல் போனதும், எட்டு வருஷம் புறாக்கள் மட்டும் குடியிருந்ததும் நாலு வரியில் இருக்கிறது. 2002-ல் யசோதா மேடம் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கினார். டிக்கெட் கவுண்டர் ரிசப்ஷன் ஆயிற்று. டிக்கெட் வந்த அதே ஓட்டை வழியாக இப்போது ரூம் சாவி வருகிறது. பார்சல் ஆபீஸ் சமையலறை. தண்டவாளம் கிடந்த பள்ளத்தை மூடிப் புல் வளர்த்தார்கள். பிளாட்பாரத்தில் பிரம்பு நாற்காலி போட்டார்கள்.

பலகையில் வனஜாவின் பேர் இல்லை. அதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் அல்ல அவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிளாட்பாரத்தில் மூன்றாவது தூணடியில், பழைய இடத்தில், ஓர் அடுப்பு. இருபது வருஷம் அங்கே நின்று மசால் வடை சுட்டவள். ஸ்டேஷன் மூடிய பிறகு தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேன்டீனில், சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படாத உள்கட்டுச் சமையலுக்குப் போனாள். அங்கே காலையில் சுட்ட வடையை மூடிபோட்ட சூட்டுப் பெட்டியில் சாயங்காலம் வரை வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் போகிறவர்களை நினைத்தாலே அவளுக்குப் பாவமாக இருக்கும்.

ஹோட்டல் மேனேஜர் பாலகுமார் சேலத்துப் பையன், தங்கமானவன், ஆனால் மேடம் பேரைக் கேட்டாலே வியர்ப்பான். "ஒரு வாரம் போட்டுப் பாருங்கம்மா. ஞாயித்துக்கிழமை மேடம் வராங்க. அவங்க சரின்னா இடம் உங்களுது. இல்லைன்னா அங்க ஜூஸ் கவுண்டர் வந்துடும்" என்றான்.

"நான் சுட்ட வடையை இருபது வருஷத்துல ஒருத்தர் குறை சொன்னதில்ல சார்" என்றாள் வனஜா.

பக்கத்தில் நின்ற கிருஷ்ணப்பா சிரித்துவிட்டார். ஸ்டேஷனில் மணியடித்தவர், இப்போது சிவப்புத் தலைப்பாகை கட்டிக் கதவு திறக்கிறவர். "குறை சொல்றதுக்குள்ள வண்டி போய்டும், வனஜம்மா! எங்கிருந்து சொல்வாங்க?"

"உங்க மீசைக்கு எண்ணெய் போடற வேலையைப் பாருங்க, அண்ணா" என்று அவர் வாயை அடைத்தாள். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜன்னலுக்கு நேரே கையைத் தூக்கி இலைப் பொட்டலத்தை நீட்டுவாள், உள்ளிருந்து ஒரு கை வாங்கும், வண்டி நகரும். தன் வடையை யாரும் கடிப்பதை அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பருப்பை அரைத்து, வெங்காயம் சோம்பெல்லாம் சேர்த்துப் பிசைந்து, அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலிகளில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள். பாலகுமார் ஓடிவந்து, "ஏம்மா அடுப்பே பத்த வைக்கல?" என்றபோதுதான் அவளுக்கே உறைத்தது. மணி அடிக்கக் காத்திருந்திருக்கிறாள்.

முந்தின ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பியதும் இங்கே போன் வரும். கிருஷ்ணப்பா தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் டணார் டணார் என்று அடிப்பார். அதிலிருந்து சரியாகப் பதினோரு நிமிஷம். ஆறு நிமிஷத்தில் எண்ணெய் காயும், நாலு நிமிஷத்தில் வடை சிவக்கும், ஒரு நிமிஷம் இலையில் கட்ட. இருபது வருஷம் அவளுடைய கை கடிகாரத்தை நம்பி ஓடியதில்லை, மணியை நம்பித்தான் ஓடியது.

ஹோட்டலிலோ ஒருவர் நாலேகாலுக்கு வருவார், இருவர் ஐந்துக்கு வருவார்கள். கேட்ட பிறகு சுட்டால் அத்தனை நேரம் யார் நிற்பது? எண்ணெயைக் காயவிட்டபடியே வைத்தால் புகைந்து வடை கருகியது. முன்கூட்டிச் சுட்டால் ஆறி மரமாயிற்று. புதன்கிழமை சமையலறைக்காரர்கள் இரக்கப்பட்டு ஒரு சூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொம்மலூர் பெட்டியின் தம்பி! அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சனிக்கிழமை வரை தட்டுகள் பாதி கடித்த வடைகளோடு திரும்பிப் போயின. அவமானத்தில் அவள் நாற்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. ஜூஸ் மிஷின்காரன் வந்து மூன்றாவது தூணடியில் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனான்.

ஞாயிறு மத்தியானம் மேடம் வந்து மாடிக்குப் போனார். மூன்றரைக்கு வனஜா கிருஷ்ணப்பாவைப் பிடித்தாள். பழைய தண்டவாளத் துண்டு இப்போது ரிசப்ஷன் எதிரே, சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்ற அட்டையோடு தொங்குகிறது. தினமும் காலையில் கிருஷ்ணப்பாதான் அதைத் துடைக்கிறார்.

"அண்ணா, நாலு பத்து வண்டிக்கு மணி அடிங்க."

"எந்த வண்டி? அங்க புல்லு மொளச்சிருக்கு!"

"வண்டி இல்லன்னா என்ன? எனக்கு மணி வேணும். அது இல்லாம என் கை ஓடல."

"ஐயோ, நன் கெலச ஹோகத்தே, வனஜம்மா" என்று கன்னடத்துக்குத் தாவி அவர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அவள் மேலே கேட்கவில்லை. போய் மூன்றாவது தூணடியில் மாவோடு நின்றாள். இன்றோடு இந்தத் தூணுக்கும் தனக்கும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்தொன்பதுக்குக் கட்டடமே அதிர்ந்தது. டணார், டணார், டணார்!

வனஜா அடுப்பைப் பற்றவைத்தாள். மாடியில் ஆறு கதவும் திறந்தன. பாலகுமார் பிளாட்பாரத்துக்குப் பாய்ந்து வந்தான். "என்னம்மா இது! தீப்பிடிச்சிடுச்சுன்னு எல்லாரும் ரூமை விட்டு வெளிய வந்துட்டாங்க!"

"பதினோரு நிமிஷம் சார். அப்புறம் வந்து எவ்வளவு வேணா திட்டுங்க." நிமிராமலே சொன்னாள். எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்த்தாள். கை எங்கே ஓட வேண்டுமோ அங்கே தானாக ஓடியது. எட்டு வருஷம் எங்கே போயிருந்ததோ அந்தக் கை.

படிக்கட்டில் இறங்கி வந்தவர்களிடம் கிருஷ்ணப்பா மீசையை நீவிக்கொண்டு, "வண்டி முந்தின ஸ்டேஷன் விட்டாச்சு சார்! நாலு பத்துக்கு வரும், நாலு நிமிஷம்தான் நிக்கும்!" என்று அறிவித்தார். துணிந்த பிறகு அரையும் குறையுமாக அடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. விருந்தாளிகள் முதலில் விழித்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு வாசனை மூக்கில் ஏறவே வரிசையில் முண்ட ஆரம்பித்தார்கள். நாலு பத்துக்கு முதல் பொட்டலம் போயிற்று. வனஜா பழக்கத்தில் கையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி நீட்ட, ஒரு குட்டையான அம்மாள் எம்பி எம்பி வாங்கினார். நாலு பதினாலுக்குச் சட்டி காலி. வாங்கியவர்கள் வாங்கியதை நாற்காலிக்குக் கொண்டு ஓடினார்கள். அவள் அடுப்பை அணைத்து, கண்ணை மூடித் தூணில் சாய்ந்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு வடைகூட மிச்சமில்லை.

அப்போதுதான் யசோதா மேடம் ஈரத் தலையில் துண்டோடு இறங்கி வந்தார். தமிழர் நிறைந்த கன்டோன்மென்ட்டில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "குளிச்சிட்டிருந்தேன். எனக்கு எங்க வடை?"

பாலகுமார் வனஜாவைக் கண்ணாலேயே கெஞ்சினான். அவளும் மாவைப் பார்த்தாள், இருந்தது. இடம் இந்த அம்மாள் கையில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் எண்ணெயின் சூடு இறங்கிவிட்டது. அரைச் சூட்டில் சுட்டு, இவரும் பாதி கடித்து வைத்துவிடும்படி ஒரு வடையைக் கொடுப்பதா?

"வண்டி போயிடுச்சு, மேடம். அடுத்த வண்டி ஆறு நாப்பது."

பாலகுமார் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மேடம் வனஜாவைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், கதவோரம் விறைத்து நின்ற கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். "மணி அடிக்கிறது எத்தனைக்கு?" என்று அவரைக் கேட்டார்.

"ஆறு இருபத்தொம்பது, மேடம்."

மேடம் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரமும் வனஜா பிசைந்த மாவையே மறுபடி மறுபடி பிசைந்துகொண்டிருந்தாள்.

ஆறு இருபத்தொன்பதுக்கு மணி அடித்து முடிவதற்குள் மேடம் மூன்றாவது தூணடியில் வந்து நின்றார், வரிசையில் முதல் ஆளாக. பதினோரு நிமிஷமும் நின்றார். வனஜா இலையில் இரண்டு வடையை வைத்து, வழக்கம்போலக் கையை மேலே தூக்கி நீட்டினாள். மேடம் கொஞ்சம் எக்கி வாங்கினார்.

வாங்கியவர் நகரவில்லை. அங்கேயே பிரித்து, ஊதி, ஒரு கடி கடித்தார். வனஜாவுக்கு அடுத்த பொட்டலம் கட்டக் கை வரவில்லை. கடிக்கும் சத்தம் இப்படித்தான் இருக்குமா! உதட்டோரம் ஒட்டிய பருப்புத் துணுக்கு, நாக்கு சுட்டு வாயைத் திறந்து மூடுவது, மெல்ல மெல்லக் கண் சுருங்குவது, எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள். பின்னால் வரிசை சலசலத்தது.

மேடம் விழுங்கிவிட்டு யோசித்தார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

இருபது வருஷத்து வண்டிகள் எதிலிருந்தும் வராத வார்த்தை. வனஜாவுக்குக் கோபம் வர வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கதவோரம் கிருஷ்ணப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடம் இரண்டாவது வடையை எடுத்தார். "நாளைக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க."