சின்னவளுக்கு ஓர் இடம்

டிப்போவில் அவளுக்கு இடத்தக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, டிரைவர்கள் வைத்தது. வண்டியை உள்ளே கொண்டுவரும் ஒவ்வொருவனும் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, இடம்?" என்று கேட்டுக் கேட்டு அதுவே ஒட்டிக்கொண்டது. ஐம்பது பஸ் நிற்க வேண்டிய இடத்தில் எழுபதை நிறுத்திக் காட்டுகிறவள். எது எப்போது வெளியே போகும், எது எப்போது திரும்பும், எதன் மூக்கு எந்தப் பக்கம் இருந்தால் எதன் வால் இடிக்காது என்பதெல்லாம் சாப்பிடும்போதும் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்டவள் ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு படகை நிறுத்த ஊர் முழுக்க அலைந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால் எப்படி இருந்திருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் டிப்போவில் யாரும் அவள் ஜன்னல் பக்கம் தேவையில்லாமல் தலையை நீட்டவில்லை.

பாய்மரப் படகு என்றதும் பெரிய பணக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கணவர் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓவர்டைம் நன்றாக ஓடிய காலத்தில், கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது, ஒரு பழைய கார் விலைக்கு இதைத் தள்ளிவிட்டுப் போனார். மரப்படகு. பாயில் இரண்டு ஒட்டு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். வீட்டில் இருந்த ஒரே மகளுக்கு அன்றிலிருந்து பெரியவள் என்று பெயர் வந்தது. ஏனென்றால் படகு சின்னவள் ஆகிவிட்டது.

சின்னவளை இத்தனை வருஷமாக நகரத்தின் ஓரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், தகரக் கொட்டகை போட்டு, சின்னதாக ஒரு படகு யார்டில் விட்டிருந்தார்கள். வாடகை கைக்கு அடக்கம். போன மாதம் அந்த யார்டை விற்றுவிட்டார்கள். அங்கே பதினெட்டு மாடிக்கு வீடு வரப்போகிறதாம். வாசலில் நட்டு வைத்த விளம்பரப் பலகையில், பால்கனியில் காபி குடிக்கிற ஒரு பெண்ணும், அவள் பார்த்துச் சிரிக்கிற ஒரு பாய்மரப் படகும் இருந்தார்கள். நிஜப் படகுகள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், செய்யாதவை கிரேனில் தூக்கித் தெருவில் வைக்கப்படும் என்று அதே பலகைக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இடத்தக்கா அந்தப் பலகையை எட்டி ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

படகு போனால் போகட்டும் என்று அவளே சொல்லக்கூடியவள்தான். தண்ணீர் என்றாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அவளுக்கு வேறு பயம். அச்சகத்தை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கணவர் வாயில் ஒரே சொல்தான். சாப்பாட்டு மேஜையின் கால் ஆடுகிறது என்றால், "விடு." கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை என்றால், "விடு." ஜெராக்ஸ் கடையில் அரை நாள் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, பேசிய சம்பளத்தில் குறைத்துக் கொடுத்தபோதுகூட, "விடு, அவன் பாவம்." கோபமில்லை, வருத்தமில்லை, ஒன்றுமில்லை. டிவியை அணைத்தாலும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு சின்னவளிடம் போய்விடுவார். அதற்கு மட்டும் அவர் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் அவளும் பெரியவளும் ஒரு நாற்காலியும்தான் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் அவளே தேடக் கிளம்பினாள். மதிய சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து உட்காருவாள்.

நகரத்து நடுவிலிருந்த பெரிய படகுத்துறையில் தேன் ஒழுகப் பேசினான் ஒருவன். அவன் சொன்ன மாத வாடகையைக் கேட்டு, வருஷத்துக்கா என்று கேட்டாள். மாதத்துக்குத்தான் மேடம் என்றான். சரி, அதையாவது கொடுத்தால் இடம் உண்டா என்றால் அதுவும் இல்லை, வரிசை இருக்கிறதாம். "எத்தனை நாள் ஆகும்?" "இப்ப பதிஞ்சீங்கன்னா எட்டு, ஒன்பது வருஷத்துல வந்துடும் மேடம்."

"அதுக்குள்ள படகே செத்துப் போயிடும்ப்பா."

"பரவால்ல மேடம், வரிசையை வேற படகுக்கு மாத்திக்கலாம்."

இன்னொரு இடத்தில் பத்து மீட்டருக்குக் குறைந்த படகை எடுப்பதில்லை. வேறொரு இடத்தில் மரப்படகே ஆகாது. கிளப் ஒன்று இருந்தது. அங்கே உறுப்பினராக வேண்டும், உறுப்பினராவதற்கு ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும், அந்த இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள கிளப்புக்குள் போக வேண்டும், உள்ளே போக உறுப்பினராக வேண்டும். பக்கத்து மேஜையிலிருந்த டைம்கீப்பர் ஒரு வாரம் இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுவிட்டு, "ஏங்க, சின்னப் பொண்ணை ஹாஸ்டல்ல சேக்கறதுக்கு இவ்ளோ பாடா?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

இதற்கு நடுவில் நாத்தனார் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஹைவே ஓரத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறவர். யார்டுக்கு வந்து, சின்னவளைச் சுற்றி நடந்து, பூசணிக்காயைத் தட்டுவது மாதிரி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"வாசல்ல வச்சா நல்லா எடுப்பா இருக்கும். இந்தக் கம்பம் மட்டும் போர்டை மறைக்கும், பாதியில அறுத்துடலாம். உள்ள மண்ணு போட்டுச் செடி வச்சு, சுத்தி சீரியல் லைட்டு விட்டோம்னா பசங்க நின்னு போட்டோ எடுப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் படகின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கம்பத்தை அறுப்பேன் என்கிறான் ஒருவன், ஒரு வார்த்தை சொல்வாரா, ஒரு முறைப்பாவது முறைப்பாரா என்று காத்திருந்தாள்.

"குடுத்துடலாம்" என்றார் அவர். "எங்கயாவது இருந்தா சரி. விடு."

சொல்லிவிட்டார். அவள் அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, சொல்றோம்" என்று ஹோட்டல்காரரை அனுப்பி வைத்தாள். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நகரத்துக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்தில், ஓர் ஓடைக்கரையில், செங்கல் சூளைக்காரர் ஒருவர் இடம் இருக்கிறது என்றார். நீளம் கேட்டாள், இருந்தது. அகலம் கேட்டாள், இருந்தது. உள்ளே வர வழி, திரும்ப இடம், ராத்திரி காவல், எல்லாம் இருந்தது. வாடகை பழைய யார்டைவிடக் குறைவு. டிப்போவில் ஒரு புது வண்டிக்கு என்னென்ன கேட்பாளோ அத்தனையும் ஒன்றுவிடாமல் கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டு, டைம்கீப்பருக்கு அவளே டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அவர் மறுக்கவில்லை, மறுப்பதற்கும் ஓர் ஆசை வேண்டுமல்லவா. சூளைக்காரர் கையைக் காட்டிய இடத்தில் சேறு இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நடுவில் ஒரு கொக்கு, முழங்கால் வரை இறங்கி நின்று அவர்களைப் பார்த்தது.

"தண்ணி எங்கங்க?" என்றாள்.

"வரும்மா. கடல் ஏறுச்சுன்னா சாயங்காலம் வந்துடும். அப்புறம் இறங்கிப் போயிடும்."

அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது. நீளம் கேட்டாள், அகலம் கேட்டாள், தண்ணீர் இருக்குமா என்று கேட்கவில்லை. அவள் பார்த்த வேலையில், நிறுத்தின வண்டிக்கு அடியிலிருந்து தரை எழுந்து வெளியே போனதில்லை. சின்னவளுக்கு அடியில் பாதி ஆள் உயரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை ஒன்று உண்டு. தண்ணீர் வற்றினால் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, சேற்றில் எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிக் கணவர் ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று பார்த்தாள். கேலி செய்தால்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சேற்றிலேயே இறங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

திரும்பும் வழியில் ஒரு மீன்பிடித் துறை வந்தது. அவள் எதற்கு வண்டியை நிறுத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போனால் ஹோட்டல்காரருக்குப் போன் செய்ய வேண்டும், அதுதான் காரணமாக இருக்கும். கணவர் இறங்கவில்லை.

அந்தத் துறையை மேய்ப்பது ஒரு கனத்த அம்மாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில். யார் எங்கே கட்டுவது என்பதை அந்த விசில்தான் தீர்மானிக்கும்.

"இடமா? ஒரு இடம் கிடையாது. எல்லாம் ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதி வச்ச இடம்" என்றாள் விசிலம்மா.

இடத்தக்கா துறையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. "இது?"

"அவன் கடலுக்குப் போயிருக்கான். வியாழக்கிழமை வருவான்."

"அதுக்குப் பக்கத்துல?"

"அது ராத்திரி வலைக்காரன். பொழுது சாய்ஞ்சா கிளம்பிடுவான், விடிஞ்சு வருவான்."

"வியாழக்கிழமை வர்றவர் மறுபடி எப்ப போவாரு?"

"மீனை இறக்கி, ஐஸ் ஏத்தி, ஞாயித்துக்கிழமை போவான். நீ என்ன, போலீஸா?"

"டிப்போல இருக்கேன் அக்கா. உங்க வேலைதான் எனக்கும்."

விசிலம்மா அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரு கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். எவன் எப்போது போவான், எவன் எப்போது வருவான், எவன் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வரமாட்டான் என்று விசிலம்மா சொல்லச் சொல்ல, இடத்தக்கா தலைக்குள் நகர்த்தினாள். டிப்போவில் எந்தப் பஸ்ஸுக்கும் சொந்த இடம் கிடையாது. வெளியே போனவனின் இடத்தில் உள்ளே வந்தவன் நிற்பான், அவ்வளவுதான் அவள் தொழில். வியாழன் வரை இங்கே, அவன் வந்ததும் கடைசியிலிருக்கும் இடத்துக்கு, சனிக்கிழமை அங்கிருந்து எதிர்க்கரைக்கு. சின்னவளுக்கென்று ஓர் இடம் இல்லாமலே வருஷம் முழுக்க இடம் இருந்தது. விசிலம்மா அதைத் தன் விரலில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, வாயைப் பிதுக்கி, தலையை ஆட்டினாள். வீட்டு இன்டர்நெட்டுக்குக் கட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வாடகை சொன்னாள்.

"ஆனா ஒண்ணு. நகத்துற வேலை என் தலையில விழக்கூடாது. இடத்துக்காரன் படகு வருதுன்னு போன் பண்ணுவேன். விடிகாலையோ, மழையோ, வந்து நகத்தணும். வரலைன்னா கயித்தை அவுத்து விட்டுடுவேன், எங்க வேணா போகட்டும்."

"வருவாரு. எங்க வீட்டுக்காரர் வருவாரு" என்றாள் இடத்தக்கா. சொன்ன பிறகுதான், கேட்காமல் சொல்லிவிட்டோமே என்று திக்கென்றது.

காருக்குப் போய் ஜன்னலைத் தட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தச் சொல் வருவதற்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு நகத்தறது?" என்றார்.

"நீங்கதான்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அறைந்து சாத்தினார். "உன்னை யாருடி கேட்டா? வியாழக்கிழமை வரைக்கும் இங்க, அப்புறம் அங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா? எதிர்க்கரையில அந்த மூணாவது இடத்தைப் பாத்தியா நீ? தெக்கயிருந்து காத்தடிச்சா நேரா அங்கதான் வந்து மோதும். மூக்கை உள்ள விட்டுக் கட்டினா பக்கப் பலகை பூரா சுவத்துல தேய்ஞ்சு போயிடும். இவ்ளோ நேரமா இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இதென்ன உன் பஸ்ஸா, நிறுத்திட்டுச் சாவியை மாட்டறதுக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் விறுவிறுவென்று துறைக்குப் போய்விட்டார். "மூணாவது இடம் வேணாம். சனிக்கிழமையும் அந்தக் கடைசி இடத்தையே குடுங்க" என்று விசிலம்மாவிடம் சண்டைக்கு நின்றார்.

"சனிக்கிழமை கடைசி இடத்துல ஐஸ் வண்டி வரும். அம்மா எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்களே?"

"அவளுக்குப் படகைப் பத்தி என்னங்க தெரியும்? காலையில சேத்துல கொண்டுபோய் விடப் பாத்தவ அவ."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவர் ஒரு வாரம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். இடத்தக்கா காரில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டாள். இன்னும் திட்டட்டும், நிறுத்தாமல் திட்டட்டும் என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவர் கரையோரம் குனிந்து, கயிறு கட்டும் கட்டை ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டி, இது ஆடுகிறது, அது உளுத்துவிட்டது, எவன் அடித்தான் இதை என்று உரக்கக் குறை சொல்லிக்கொண்டே போனார்.

விசிலம்மா தாங்க முடியாமல் அவளிடம் வந்தாள். "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுவாரா?"

"இல்லக்கா" என்றாள் அவள். "ரெண்டு வருஷமாப் போடல."