அவிநாசி வண்டியில் ஓடும் எழுத்து

சாஜிதா பேகத்தை யாரும் அடக்கமானவர் என்று சொன்னதில்லை. தான் செய்தது நன்றாக வந்தால் தெருவே கேட்கும்படி சொல்லிவிடுவார். சொதப்பிவிட்டால் அதையும் அதே சத்தத்தில் சொல்வார். முதல் குணம் நிறையப் பேரிடம் உண்டு. இரண்டாவது எவ்வளவு அபூர்வம் என்பது 1996இல், அவிநாசி போகும் ஒரு தனியார் பேருந்துக்குள் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உக்கடத்தில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. டி.வி. கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்தவர். கடைகளுக்கு எழுத்துப் பலகை செய்து கொடுத்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மிளகளவு சிவப்பு விளக்குகள், வரிசை வரிசையாக. மின்சாரம் கொடுத்தால் எழுத்து வலப்பக்கத்தில் புறப்பட்டு இடப்பக்கம் ஓடி மறையும். அன்றைக்குக் கோயம்புத்தூரில் அதை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராது. வராத தூக்கத்துக்காகப் படுத்துக் கிடப்பதைவிட மேல் என்று அவரிடம் சால்டரிங் வேலைக்குப் போனேன். என்னை அவர் 'அரை டிப்ளமா' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. கணக்கு சரிதான்.

தமிழ் எழுத்தைப் புள்ளியாக்குவது லேசான காரியமல்ல. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலால் நிரப்புவார், அழிப்பார், மறுபடி நிரப்புவார். 'ஜு' மட்டும் அவரை ஒரு வாரம் படுத்தியது. கடைசியில் வந்த 'ஜு'வைச் சுவரில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

பொங்கியண்ணன் அந்தப் பட்டறைக்கு வந்தது ஒரு பேக்கரி வாசலில் எழுத்து ஓடியதைப் பார்த்துவிட்டு. அவிநாசிக்காரர். காந்திபுரத்துக்கும் அவிநாசிக்கும் இடையே ஓடும் பேருந்தின் முதலாளி.

"இதைய எம்பட வண்டி நெத்தியில மாட்ட முடியுமா, அம்மணி?"

"வண்டி நெத்தியில என்னங்கண்ணா, உங்க நெத்தியில வேணும்னாலும் மாட்டித் தாரேன்."

ஆர்.எஸ்.புரத்தில் பவழக்கொடி ஜுவல்லரி என்று ஒரு நகைக்கடை விளம்பரம் தரச் சம்மதித்தது. ஆனால் பேருந்தில் எரியும் விளம்பரத்துக்கு அதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை. கூடும் என்று சொல்லவும் ஆளில்லை, கூடாது என்று சொல்லவும் ஆளில்லை. வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி கோவிந்தராஜுலுதான், "ஓட்டிக் காட்டுங்க. கூடவே வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்" என்றார். பொங்கியண்ணனின் சொந்தக்காரர்களின் வண்டிகளும் அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்தன. அனுமதி வந்தால் சாஜிதா அக்கா பேருந்துப் பலகை மட்டும் செய்வார். வராவிட்டால் மறுபடி பேக்கரி வாசலில் 'சூடான பப்ஸ் கிடைக்கும்'. அந்தப் பப்ஸ் அவருக்கு வெறுத்துப் போயிருந்தது.

சோதனை ஓட்டம் ஒரு சாயங்காலம். காந்திபுரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி வருவதற்கு முன்பே பொங்கியண்ணன் கண்டக்டர் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத பாரு, ஆபீசர் வாராரு. படியில தொங்காத. பொத்தான் போடு. முக்கியமா, கத்தாத. டீசன்டா இரு."

நாச்சிமுத்துவின் குரல் காந்திபுரத்தில் பிரசித்தம். "கத்தாம எப்படீங்க வண்டி ரொம்பும்?"

"அதான் போர்டு இருக்குதல்லோ."

பலகையை எரியவிட்டோம். புழுதி படிந்த அந்தப் பழைய வண்டிக்கு நெற்றியில் திடீரென்று உயிர் வந்தது. பவழக்கொடி ஜுவல்லரி, டி.பி. ரோடு, ஆர்.எஸ்.புரம். சிவப்பாக ஓடியது, மறைந்தது, மறுபடி ஓடியது. பக்கத்து வண்டி டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். நான் எதற்கும் வாய் பிளக்கிறவன் அல்ல. அன்றைக்குப் பிளந்தேன். ஒவ்வொரு விளக்காக வைத்து ஒட்டியவன் நான். ஆனாலும் மொத்தமாக ஓடும்போது அது என் கை வேலையாகத் தெரியவில்லை.

வண்டி சீக்கிரமே நிறைந்தது. அக்கா முழங்கையால் என்னை இடித்தார். "பாத்தியா அரை டிப்ளமா? கத்தாமயே இழுக்குது."

கோவிந்தராஜுலு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லட்சுமி மில் சிக்னல் தாண்டியதும், "கண்ணு கூசுதா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியறதே இல்லீங்க சார். வெளிய நிக்கறவனுக்குத்தானுங்களே அது."

ஹெட்லைட் மங்கவில்லை. அதிகாரி தலையாட்டினார். பொங்கியண்ணன் முகத்தில் அப்போதே அனுமதி வந்துவிட்டது.

பீளமேடு தாண்டும்போது நாச்சிமுத்து டிக்கெட் போட்டுக்கொண்டு வண்டியின் நடுவுக்கு வந்தார். ஜன்னலோரம் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசி. பெயர் வள்ளியாத்தாள் என்று பிறகு தெரிந்தது. வெள்ளகோவில் பக்கம். மகள் பிரசவமாகி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் இருந்தாள்.

"ஆர்.எஸ்.புரம் ஒண்ணு குடு, கண்ணு."

நாச்சிமுத்து விழித்தார். "இது அவிநாசி வண்டிங்க."

"வெளையாடாத. நெத்தியிலயே ஓடுது, ஆர்.எஸ்.புரம்னு."

"எனக்கும் ஆர்.எஸ்.புரந்தானுங்க" என்றார் பின்சீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. ஏழெட்டுப் பேர் தேறினார்கள். எல்லோரும் போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து குனிந்து கிசுகிசுத்தார். "மெல்லப் பேசுங்க, அம்மணி. முன்னால ஆபீசர் உக்காந்திருக்காரு. ஹோப் காலேஜுல எறக்கி எதிர் வண்டியில நானே ஏத்தி உடறனுங்க."

வேறு ஊராக இருந்தால் அங்கேயே சண்டை கிளம்பியிருக்கும். வள்ளியாத்தாள் யோசித்துவிட்டு, "உம்பட பொழப்பை எதுக்குக் கெடுக்கோணும். எறக்கி உடு. ரசஞ்சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான்" என்றார். மற்றவர்களும் சரிங்க, சரிங்க என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அத்தனை பேரும் மரியாதையாகச் சேர்ந்து அந்தத் தவறை மூடிவிட்டார்கள்.

முன்னால் பொங்கியண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதிகாரியிடம் இந்த வருடத்து மழையைப் பற்றிச் சத்தமாகப் பேசத் தொடங்கினார். பேச்சுக்கு நடுவே அக்காவைப் பார்த்துக் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். பேசாமல் இரு என்று அர்த்தம்.

பேசாமல் இருந்தால் போதும். நானாக இருந்தால் இருந்திருப்பேன். சாஜிதா அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"ஏனுங் சார், கண்ணு கூசுதான்னு பாத்தீங்க, கூசல. லைட்டு மங்குதான்னு பாத்தீங்க, மங்கல. பின்னால ஆர்.எஸ்.புரம் போறவங்க ஏழெட்டுப் பேரு உக்காந்திருக்காங்க. அதையும் பாத்துப்போட்டு எழுதுங்க."

மழை பாதியில் நின்றது.

"அவங்க எதுக்கு இதுல ஏறினாங்க?" என்றார் கோவிந்தராஜுலு.

"எம்பட எழுத்தை நம்பி ஏறினாங்க."

"கண்டக்டர் கத்தலீங்க சார், அதுதான் காரணம்" என்று பொங்கியண்ணன் குறுக்கிட்டார்.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "கத்தாதன்னு சொன்னதே நீங்கதானுங்களே, மொதலாளி!"

வண்டியே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோப் காலேஜில் அவர்களோடு அக்காவும் இறங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டார். ரோட்டைக் கடந்து எதிர் வண்டியில் ஏறி, வள்ளியாத்தாளின் தூக்குப்போசியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"கீழ பெயிண்டுல அவிநாசின்னு பெருசா எழுதியிருந்துதே, பாக்கலீங்களா?"

"பெயிண்டை யாரு அம்மணி பாக்கறா? கண்டக்டரு கத்தறதைக் கேட்டு ஏறுறது. இன்னைக்கு அவன் கத்தல. மேல பாத்தா பளபளன்னு ஓடுது. இத்தன செலவு பண்ணி எவனாச்சும் பொய் எழுதுவானா?"

"பொய்யில்லீங்க, வெளம்பரம்."

"செரி, ரண்டுல எதோ ஒண்ணு."

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிளினிக் வாசல்வரை போய், போசியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது, "எப்படி நம்பியிருக்காங்க பாருடா" என்றார். பேருந்துப் பலகை கைவிட்டுப் போன ஆளின் குரல் இல்லை அது.

அனுமதி இல்லை என்று பதில் வந்தது. பொங்கியண்ணன் பட்டறைக்கே வந்து கத்தினார்.

"வாயை மூடிட்டு உக்காந்திருந்தா ஆகியிருக்குமே, அம்மணி!"

"உங்களுக்கு வாயை மூடறதே வேலைங்கண்ணா. கண்டக்டர் வாயை மூடப்போய்த்தான இத்தனையும்."

அவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அந்த இடைவெளியில் அக்கா மேசை மேல் இருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். கட்டங்களில் பெரிதாக, தடியாக 'அவிநாசி'. பதில் வந்த அன்றே வரைய ஆரம்பித்திருந்தார்.

"நெத்தியில ஊர் பேரு மட்டும். அது ஓடக் கூடாது, நிக்கோணும். வெளம்பரம் முதுகுக்குப் போகட்டும். அங்க ஓடட்டும்."

"ஊர் பேருக்கு எவன் காசு குடுப்பான்?"

"பின்னால எவன் பேரு ஓடுதோ அவன் குடுப்பான். சிக்னல்ல நிக்கறவனுக்கு உங்க வண்டி முதுகை உட்டா பாக்க வேற என்னங்கண்ணா இருக்குது?"

ஊர் பெயர் நிற்க வேண்டும், விளம்பரம் ஓட வேண்டும். கேட்ட பிறகு இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதற்கு முன்னால் எனக்குத் தோன்றவில்லை. அந்த நகைக்கடைக்காரருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது, ஆறிப்போன ரசஞ்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதால்.

இரண்டாவது சோதனைக்குக் கோவிந்தராஜுலு இரண்டு நிபந்தனைகள் போட்டார். சிவப்பு பின்னால்தான் எரியலாம், முன்னால் மஞ்சள். கண்டக்டர் அன்றைக்கும் கத்தக் கூடாது, ஊர் பெயரைச் சொல்லவும் கூடாது. இந்தத் தடவை அவர் வண்டியில் ஏறவில்லை. எதிரே ஒரு ஜூஸ் கடையில் சாத்துக்குடி ஜூஸை வாங்கிக்கொண்டு, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தபடி நின்றார்.

நெற்றியில் அவிநாசி மஞ்சளாக நின்றது. அசையவில்லை. நாச்சிமுத்து விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். ஏறினவர்களிடம் நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாம் அவிநாசியும் வழியில் இருக்கும் கருமத்தம்பட்டியும்தான். தப்பாக ஒருவர்கூட இல்லை. அக்கா மட்டும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

கடைசியில் வாழைத்தாரோடு ஒருவர் வந்தார். பலகைக்கு நேர் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார். உதடு அசைய வாசித்தார். பிறகு படிக்கு வந்து நாச்சிமுத்துவிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இது அவிநாசி போகுமுங்களா?"

நாச்சிமுத்துவின் கன்னம் இரண்டும் உப்பின. விசில் வாயிலேயே இருந்தது. பொங்கியண்ணன் தலையில் கை வைத்தார்.

"ஏனுங்க, உங்களைத்தான். போகுமுங்களா?"

டிரைவர் வண்டியை நகர்த்தத் தொடங்கியிருந்தார். வாழைத்தார்க்காரர் நகரவில்லை.

"போகும்ங்க! ஏறுங்க!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கோவிந்தராஜுலு. ஜூஸ் டம்ளரை ஆட்டியதில் பாதி சட்டையில்.

நாச்சிமுத்து விசிலைத் துப்பினார். "சாரே கத்திப்போட்டாருங்க! இனி நான் கத்தலாமுங்களா?"

அதிகாரி சட்டையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தார். அக்காவிடம், "வாசிச்சுட்டுத்தான கேட்டாரு?" என்றார்.

"வாசிச்சதை நான் பாத்தனுங்க சார்."

"அப்ப போர்டு மேல தப்பில்ல. ஒரு வார்த்தை கேட்டுக்கறது நம்மூருப் பழக்கம்."

அனுமதி வந்தது. முன்னால் ஊர் பெயர் மட்டும், நின்றபடி. பின்னால் விளம்பரம், ஓடலாம். கண்டக்டர் கத்துவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நாச்சிமுத்து எரிகிற அவிநாசிக்குக் கீழே நின்று அவிநாசி, அவிநாசி என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். பொங்கியண்ணனின் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பப்ஸ் பலகை அதற்குப் பிறகு பட்டறையில் செய்யப்படவில்லை.

சாயங்காலம் மில்லுக்குச் சைக்கிளில் போகும்போது லட்சுமி மில் சிக்னலில் அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பவழக்கொடி ஜுவல்லரி சிவப்பாக ஓடியது. பக்கத்து ஸ்கூட்டர்காரர், அவர் பின்னால் இருந்த மனைவி, ஆட்டோக்காரர், எல்லோரும் நிமிர்ந்து அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து ஒவ்வொன்றும் துல்லியம். 'ஜு' வரும்போது மட்டும் ஒரு புள்ளி எரியவில்லை. அது என் சால்டரிங்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். தெருவே கேட்கும்படி திட்டினார்.