எள்ளுருண்டை ஓடு

கடலையே பார்க்காத மனுஷன் கடல் பூச்சிக்குச் சாதி பிரிக்கிறார்! தோட்டத்தில் இருக்கிற சாதி போதாதா? என் வீட்டுக்காரர் சிங்கராயரிடம் இதை நேராகவே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே அடுத்த பூச்சியை எடுப்பார்.

பூனாகலைத் தோட்டத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவர் அவர்தான். கோப்பிச் செடியெல்லாம் நோயில் அழிந்ததும் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, பொடியையும் பெரிதாகக் காட்டும் தன் நுணுக்குக்காட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் ஒருவர் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துச் சலித்துப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புவார். அந்தத் தூளில் கடுகை விடச் சின்னதாகச் சுருள் சுருளான ஓடுகள். என்றைக்கோ கடலடியில் செத்துக் கல்லாகிப்போன பூச்சிகளுடையவையாம். பொராமினிபெரா என்று பெயர். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் செல்லமாகச் சொல்வார்.

“உருவத்த நம்பாத, மலரு. ஒரே மாதிரிச் சுருளு எல்லாத்துலயும் வரும். ஓடு எதால கட்டினதுன்னு பாரு,” என்பார். பீங்கான்போலப் பால்வெள்ளையாக இருப்பவை ஒரு டப்பா. கண்ணாடிபோல மினுங்கி, பொடிப்பொடித் துளை உள்ளவை இன்னொன்று. மூன்றாவது, மணலைப் பொறுக்கி ஒட்டித் தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டவை. எனக்கு அவை எள்ளுருண்டை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஈரத் தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிப்பார். சோறு ஆறிப்போகும். நான் கத்துவேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், வேறென்ன செய்ய!

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், பீங்கான் டப்பாவில் ஒரு எள்ளுருண்டை கிடந்தது. அசதியாக்கும் என்று மாற்றி வைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனுஷனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இப்போதிருக்கிற துரைக்குத் தெரிந்தால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த வீடும் போகும். ஆகவே அவர் வேலைக்குக் கிளம்பியதும் டப்பாக்களைச் சரிசெய்தேன். தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் நோயாளிகள் வருகிற மருந்துக் காம்பராவில் நின்று, அவர் அளக்கிற மருந்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். என் புருஷனை நான் காப்பாற்றாமல் யார் காப்பாற்றுவது?

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மணல் டப்பாவக் காலி பண்ணி, வேணும்னே ஒரு பெரிய பீங்கான் ஓட்டப் போட்டு வெச்சேன். இன்னைக்குக் காணோம். நடந்தா போச்சு?”

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்,” என்றேன்.

“பீங்கான் டப்பாவப் பாத்து வெச்சிட்டுப் போற எலியா?” சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எத்தன நாளா, மலரு?”

“மழைக்குப் பெறகுதாங்க. ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“புதன்கிழமை ரெங்கம்மா புள்ளைக்குக் கழிச்சல். அபின் தைலம் சொட்டு விட்டுக் குடுத்தேன். அன்னைக்கு நீ வரல.”

அன்றைக்கு நான் பண்டாரவளைக்குப் போயிருந்தேன். “ஐயோ, புள்ளைக்கு என்னாச்சு?” என்றேன்.

“பயப்படாத, புள்ள நல்லாத்தான் இருக்கு. பூசை முடிஞ்சு இப்பத்தான் அவங்க இருக்கிற லயத்துக்குப் போய்ப் பாத்துட்டு வாறேன். ஆனா பூச்சி எடம் மாறினா நீ திருப்பி வெச்ச. சொட்டு மாறியிருந்தா எதத் திருப்பி வெச்சிருப்ப?”

அந்தப் பெரிய பீங்கான் ஓட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“நாளைக்குத் துரைகிட்டச் சொல்லிடறேன்,” என்றார்.

“வீடு போயிடுமேங்க!”

“போகட்டும். கெடைக்கிற மண்ண ஒட்டிக் கட்டிக்குவோம்.”

எழுந்து, தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். தூரிகையை என் கையில் கொடுத்தார். “இனி நீ பாத்துச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

இந்த மனுஷனை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? நுணுக்குக்காட்டிக் குழாயில் கண்ணை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

“எள்ளுருண்டைங்க,” என்றேன்.

“அப்ப மூணாவது டப்பா,” என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.