வீட்டார் சொன்னது

மருத்துவமனை நடைபாதையின் பெஞ்சில் மூவரும் காத்திருந்தார்கள். நடுவில் இஸ்திரிக்காரர், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அண்ணன். முப்பது வருடமாகச் சலவை ஆலையில் சூடான உருளை இயந்திரத்துக்குள் போர்வைகளைச் செலுத்துகிறவர், போன மாதம் இரண்டு முறை போர்வையோடு கையையும் விடப் போனார். மறதி நோய் என்று எழுதி வாங்கி வந்தால் ஓய்வூதியத்தோடு விடுவிப்பதாக ஆலையில் சொல்லியிருந்தார்கள்.

"உள்ள பொண்டாட்டி பேரைக் கேட்பாங்களாம்" என்றாள் மனைவி.

"கேட்கட்டும். எந்தப் பொண்டாட்டின்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை.

மூவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும், ஆய்வாளப் பெண் இஸ்திரிக்காரரைக் கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாக் கேள்விகளும் முடிந்தபோது மதிப்பெண் முப்பதுக்குப் பதினொன்று.

"இது நாங்க புதுசா தயார் பண்ற பரிசோதனை. படிக்காதவங்களுக்கு மார்க்கை மட்டும் நம்ப முடியாது. வீட்டுல எப்படி இருக்கார்னு நீங்க சொல்றதையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணுவோம்" என்றாள்.

மனைவி வாய் திறப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க குடும்பத்துல யாருக்கும் மூளைக் கோளாறு கிடையாதும்மா. தம்பி தனியா கடைக்குப் போவான், வருவான். ஒரு குறையும் இல்ல."

"மாமா, போன வாரம் இவரு நம்ம வீடுன்னு எதிர்வீட்டுக்குள்ள போயி..."

"ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குது. சும்மா இரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வாளப் பெண் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அண்ணன் சொன்னதைத் தட்டச்சு செய்தாள்.

"அப்போ படிப்பில்லாததாலதான் மார்க் குறைஞ்சிருக்கு. எங்க கேள்விகளைத்தான் மாத்தணும். அவர் வேலைக்குப் போகலாம்."

அவள் எழுதிக் கொடுத்த தாளை அண்ணன் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் அவரே அதை ஆலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஈரப் போர்வைகள் தரையில் குவிந்து கிடந்தன. இஸ்திரிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முழங்கைவரை துணியால் சுற்றியிருந்தார்கள். முன்பே வந்துவிட்ட மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார் தம்பி.

மேலாளர் மருத்துவமனைத் தாளை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். "நல்லாத்தான் இருக்கார்னு இதுல இருக்கே, பெரியவரே. அப்போ இது கவனக்குறைவுதான். நஷ்டஈடு கேட்க முடியாது."

நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்று எழுதிய தாளையும் மை அட்டையையும் மேஜைமேல் வைத்தார்கள். எழுத்தர் குனிந்து இஸ்திரிக்காரரின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். அவர் மறுக்கவில்லை, மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக நீட்டிக் கொடுத்தார்.