சந்தியாவின் போன்

புதன்கிழமை ராத்திரி என்றாலே சந்தியாவுக்குப் பயம். அன்றைக்குத்தான் ‘கல்வராயன் கிளிக்ஸ்’ வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரத் தலைப்பு வந்து விழும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கத்து ஆட்கள், எல்லாம் ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள். அட்மின் அறிவுச்செல்வன் தலைப்பைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், அனுப்பின படத்தை அன்றைக்கே ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டும். குழுவின் சட்டம் அது.

இதில் சந்தியாவுக்கு என்ன வந்தது என்கிறீர்களா? படம் எடுப்பது புருஷன் சிவசங்கர், படத்தில் நிற்பது இவள். ‘கைகள்’ என்று தலைப்பு வந்தபோது மாவுக் கையோடு நின்று குழம்பு தீய்ந்தது. ‘மழை’ என்று வந்த வாரம் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மொட்டை மாடியில் ஹோஸ் பைப்பைப் பிடித்து அவளை நனைத்தார், ஜுரம் வந்து படுத்தாள். டைல்ஸ் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கல்லைத் தூக்கிக் காட்டுகிற மனுஷன், பாவம். குழுவில் மட்டும்தான் அவரைச் ‘சார்’ என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெண்டாட்டியைத் தலைகீழாக நிறுத்தவும் தயங்கமாட்டார்.

இதில் பெரிய கொடுமை, போன் அவளுடையது. ராப்பகலாக ஜாக்கெட் தைத்து அவள் வாங்கின போன். அவருடைய போனில் எடுத்தால் எல்லார் முகமும் புகை மூட்டின மாதிரி இருக்கும். அதனால் குழுவில் சேர்ந்ததும் அவள் நம்பரில், படம் போவதும் அவள் போனிலிருந்து. ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் போனை அவள் தொட முடியாது.

அந்த வாரத் தலைப்பு ‘காத்திருப்பு’. அதே ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்தில் தங்கச்சி அபிநயாவுக்கு வளைகாப்பு.

வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளைத்தாய்ச்சியைத் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அபிநயாவுக்குத் தாய் வீடு என்றால் அக்கா வீடுதான். அபிநயாவின் மாமியார் லட்சுமியம்மாளுக்கு அனுப்பவே இஷ்டமில்லை. “பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள உங்க வூட்டாளு வந்து இட்டுக்கினு போனா போவட்டும். இல்லன்னா இங்கியே பெத்துக்கட்டும்,” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அபிநயா தினமும் போனில் அழுதாள். “வந்துடு க்கா. இங்க எனக்குத் தூக்கமே வர்ல. ஒரு வாய் தண்ணி கேக்கவும் கூச்சமா கீது. உன் பக்கத்துல படுத்தாதான் எனக்கு பயம் போவும்.”

“மலைக்குப் போயி ஒரே ஒரு படம்,” என்றார் சிவசங்கர். “அப்பிடியே கச்சிராயபாளையம் எறங்கி சின்னசேலம் போயிடலாம். ஒம்போது மணிக்கு உன்ன அங்க வுடல, என் பேரு சிவசங்கர் இல்ல.”

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், வண்டிச் சாவி அவர் பாக்கெட்டில். இருட்டோடு எழுந்து புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் கிளறித் தூக்குகளில் அடைத்து, வளையலும் பூவும் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

வெள்ளிமலைக்குப் போகிற வழியில், ஓடை ஓரமாக ஒரு பாறை. அதன்மேல் அவளை உட்கார வைத்தார். “ரோட்டப் பாரு. யாரோ வரப்போறாங்க, நீ அவங்களுக்காகக் காத்துக்கினு கீற. அவ்வளவுதான்.”

வெயில் வரட்டும் என்றார். வந்தது. வெயில் ஜாஸ்தி, மேகம் வரட்டும் என்றார். அதுவும் வந்தது. முகத்தில் உணர்ச்சி கம்மி என்றார். நடுவில் போன் அடித்தது.

“அபிநயாவாத்தான் இருக்கும், குடுங்க!”

“சும்மா சும்மா அடிக்குது, கை ஆடிப் போவுது,” என்று சொல்லி ஃபிளைட் மோடில் போட்டுவிட்டார்.

ஏங்க, நேரமாவுதுங்க என்றாள். இன்னும் ஒண்ணு என்றார். கையெடுத்துக் கும்பிட்டாள். அதையும் எடுத்தார். வாட்சைத் தட்டிக் காட்டினாள், அதையும் எடுத்தார். இறங்கி வண்டியிடம் போய்த் தூக்குகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் எடுத்துவிட்டு, சமாதானம் சொல்லிக் கூட்டி வந்து மறுபடியும் பாறையில் ஏற்றினார். அடிக்கிற மனுஷனாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இவர் ஒரு வார்த்தை அதட்டிப் பேசவில்லை. ‘கண்ணு’, ‘செல்லம்’ என்று கொஞ்சிக்கொண்டேதான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்.

தலையில் புல்லுக்கட்டோடு மலைக்காரப் பொம்பளை ஒருத்தி அந்தப் பக்கம் வந்தாள். செங்கம்மாள் என்று பேர் சொன்னாள். “இன்னாம்மா, பட்டுப்பொடவ கட்டிக்கினு கல்லுமேல குந்தி அழுவுற?”

“கீழ போவ பஸ்ஸு எப்பம்மா வரும்?”

“காலையிலயே போயிடுச்சே. இனி பொழுது சாஞ்சாத்தான்.”

செங்கம்மாள் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். “அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்க, படத்துல வுழறீங்க,” என்றார் சிவசங்கர், எடுப்பதை நிறுத்தாமலே.

அதற்கப்புறம் சந்தியா பேசுவதை விட்டுவிட்டாள். கையை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். உள்ளே எல்லாம் வற்றிப்போன மாதிரி இருந்தது. இனி அழைத்தாலும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

“கெடச்சிடுச்சி!” என்று துள்ளினார் சிவசங்கர். அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கச்சிராயபாளையத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, முதல் வேலையாகப் படத்தைக் குழுவுக்கு அனுப்பி ஸ்டேட்டஸிலும் வைத்தார். பிறகுதான் போன் அவள் கைக்கு வந்தது. அடித்துப் பார்த்தாள். அபிநயா எடுக்கவில்லை.

சின்னசேலத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தயிர்சாதத் தூக்கைத் திறக்காமலே புளித்த வாடை அடித்தது. லட்சுமியம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார், கையில் போன்.

“வாம்மா. படம் நல்லா கீது. இப்பதான் உன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். நாங்க அத்தன பேரும் இங்க உன் வழியப் பாத்துக்கினு குந்தியிருந்தோம். நீ அங்க பாறையில போஸு குடுத்துக்கினு இருந்திருக்க.”

உள் வாசற்படியில் அபிநயா நின்றாள். இரண்டு கை நிறைய வளையல். கண் வீங்கியிருந்தது. காலடியில் கட்டி வைத்த பெட்டி. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தியா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ‘என்னாலதாங்க லேட்டு’ என்று ஒரு வார்த்தை போதும். சிவசங்கர் லட்சுமியம்மாள் பக்கம் திரும்பினார். சுற்றிலும் சனம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது.

“அது வந்துங்க… அவளுக்குப் போட்டோன்னா கொஞ்சம் ஆச.”

அடப்பாவி மனுஷா! இந்த வாய்க்கு என்ன பெயர் வைப்பது?

சந்தியா அழவில்லை. இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்து, கேலரியைத் திறந்து லட்சுமியம்மாள் கையில் கொடுத்தாள். “ஒரு படம்தான பாத்தீங்க அத்த. காலையிலருந்து எடுத்ததெல்லாம் பாருங்க.”

சிவசங்கருக்கு எடுத்த படத்தை அழிக்க மனசு வராது. குழுவில் எல்லாருக்கும் அதே வியாதிதான். லட்சுமியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். வாட்சைக் காட்டுகிற சந்தியா. கும்பிடுகிற சந்தியா. தூக்குகளைப் பிடித்துக்கொண்டு வண்டி பக்கத்தில் நிற்கிறவள். வாயைத் திறந்து கத்துகிறவள். யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்துவிட, குழந்தை மாதிரி முகத்தைக் காட்டுகிறவள். அபிநயாவும் வந்து மாமியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். வளையல் அத்தனையும் முதுகில் அழுந்தியது.

“இப்ப இட்டுக்கினு போவட்டுமா அத்த?” என்றாள் சந்தியா.

லட்சுமியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் முன்பிருந்த கோபம் இல்லை.

“வர மனசில்லாதவ வூட்டுக்கு எப்பிடி அனுப்பறதுன்னு காலையில நெனச்சேன். உனக்கு மனசு கீது, தெரியுது. ஆனா மனசு இருந்தும் உன்னால வர முடியலியே. நாளைக்கு இவளுக்கு வலி வந்தா வண்டிய யாரு எடுப்பா? உன் கையில போனாச்சும் இருக்குமா? நீயே சொல்லு, நான் அனுப்பிடறேன்.”

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது. மலையிலிருந்து இறங்கி வந்ததாக நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் பாறைமேலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள், தங்கச்சியையும் அதில் ஏற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அபிநயாவின் பிடி இன்னும் விடவில்லை.

“அப்ப இவ இங்கியே இருக்கட்டும் அத்த,” என்றாள் கடைசியில். “கொழந்த பொறக்கற வரைக்கும் நானும் இங்க இருந்து பாத்துக்கறேன். எதாவது ஒரு மூலையில படுத்துக்கறேன்.”

“இன்னா பேசற நீ?” என்று சிவசங்கர் முன்னால் வந்தார். “வூட்டுல யாரு கீறாங்க?”

அவள் திரும்பவில்லை. லட்சுமியம்மாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி வழி விட்டு, போனை நீட்டினார். சிவசங்கரிடம் நீட்டவில்லை, சந்தியாவிடம். “மொதல்ல உள்ள போயி சாப்புடு. காலையிலருந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட.”

சிவசங்கர் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். “சரி, ரெண்டு நாள் இருந்துட்டு வா, நான் வேணாங்கல. போன மட்டும் குடு. இன்னிக்கி சாயங்காலம் குழுவுல ரிசல்ட்டு போடுவாங்க.”

“போட்டா நானே பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, சந்தியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியோடு உள்ளே போனாள்.