அந்த ஒற்றை நோட்டா

புருஷன் தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே கலைவாணியின் கைக்கு விதவை பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டது. புதுச்சேரியில் இப்படி நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மற்ற பெண்கள் ஆபீசுக்கும் எம்.எல்.ஏ. வீட்டுக்கும் நடையாய் நடந்து, "இன்னும் மேலேருந்து வரலம்மா" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போவார்கள். சிலர் பென்ஷனைக் கண்ணால் பார்க்காமலே புருஷன் போன இடத்துக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. கலைவாணிக்கோ எம்.எல்.ஏ.வே வீடு தேடி வந்தார். செருப்பை வாசலில் விட்டார், தணிகாசலத்தின் படத்துக்கு மாலை போட்டார், "தங்கச்சி, அண்ணன் நான் இருக்கேன்" என்றார். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஆர்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவள் அழுதாள். அந்த அழுகையில் நன்றியும் இருந்தது, அதை மறைப்பானேன்.

தணிகாசலம் எப்படிச் செத்தான் என்பதைச் சொன்னால்தான் அந்த அவசரம் புரியும். பாக்குக்காரச் சந்தில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் ஒட்டிப் படுத்திருக்கின்றன. அப்படிப் புதைத்துவிட்டுப் போனவர் பழைய எம்.எல்.ஏ. தண்ணீர் நாறுகிறது என்று சந்து ஜனங்கள் இரண்டு வருஷமாய்ப் போய்ச் சொல்லியும் "பாத்துக்கலாம்" என்று அனுப்பிவைத்தவர் இப்போதைய எம்.எல்.ஏ. தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரே வாரத்தில் மூன்று சாவு விழுந்தது. லோடு ஆட்டோ ஓட்டிய தணிகாசலம், எதிர்வீட்டு ஆயம்மாவின் அக்கா, பக்கத்து வீட்டு ஜெயத்தின் மாமனார். காலையில் வண்டி எடுத்துப்போன மனுஷன் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, மறுநாள் சாயங்காலம் பிணமாகப் போனான்.

மூன்றாவது பிணத்தை எடுத்த அன்று கலைவாணிதான் அதைத் தொடங்கினாள். பாதிச் சந்துக்குத் தீட்டு, கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நடுத்தெருவிலேயே கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். தலைவிரி கோலமாய் நின்று, "குழாய மாத்துற வரைக்கும் எவனுக்கும் போடாதீங்க. ரெண்டு பேருமா சேந்துதான் கொன்னானுங்க. கடைசி பட்டன் இருக்கு பாரு, நோட்டா, அத அமுக்குங்க. இந்தச் சந்துல எத்தினி ஓட்டு இருக்குதோ அத்தினியும் அதுல விழணும்" என்று கத்தினாள். ஆணும் பெண்ணுமாய் ஒவ்வொருவராக வந்து கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். அணைந்ததை மறுபடி மறுபடி கொளுத்த வேண்டியிருந்தது. வேதக்காரர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுச் சொன்னார்கள். ஆயம்மா கையை நெருப்பின் மேல் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டு எடுத்தாள்.

சந்து செய்த சத்தியம் சாயங்காலத்துக்குள் எம்.எல்.ஏ. காதுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவள் ஹேமலதா, அந்த வார்டில் அவர் கட்சியின் மகளிர் அணிக்காரி. முதலில் வந்தது கலைவாணியின் பென்ஷன். பிறகு ஜெயத்தின் மஞ்சள் ரேஷன் கார்டு, ஏழைகளுக்குத் தருகிற சிவப்பாக மாறியது. அதற்காக அவள் ஆறு வருஷம் அலைந்திருந்தாள். ஒரு வீட்டுக்குக் கூரை மாற்ற மானியம், ஒரு பையனுக்குத் தினக்கூலி வேலை, காது கேளாத ஒருவருக்கு மிஷின். வெகுநாளாய்ப் பூட்டிக் கிடந்த கதவுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஆயம்மாவுக்குப் புதிதாய் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே முதியோர் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, அதை விட்டால் அவளுக்குச் சோறு கிடையாது. அவளிடம் ஹேமலதா, "அது நிக்காம பாத்துக்க ஆயம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குழாயை யாரும் தொடவில்லை. மேலே சிமெண்ட் பூசி மூடிவிட்டுப் போனார்கள்.

பென்ஷனை ஒரு எம்.எல்.ஏ. நினைத்தால் நிறுத்த முடியுமா? சட்டப்படி முடியாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நிறுத்திப் பார்த்த பிறகு சட்டத்தைத் தேடிக்கொண்டு போகிற வசதி அந்தச் சந்தில் யாருக்கும் இல்லை. யார் உள்ளே என்ன பட்டனை அமுக்கினார்கள் என்பதும் வெளியே தெரியாதுதான். ஆனால் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது எண்ணுகிற அன்றே தெரிந்துவிடும். புதுச்சேரியில் தொகுதி சின்னது, பூத்தும் சின்னது. பாக்குக்காரச் சந்துக்கும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு மிஷின்தான்.

கலைவாணி சமையல் செய்யப் போகிற வீடு உப்பளம் பக்கம். வீட்டுக்காரி பொலின், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு பென்ஷன் இவளுக்குக் கடல் தாண்டி வருகிறது. ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள், வெங்காயம் அரிந்துகொண்டே கலைவாணி கேட்டாள்.

"மதாம், ஒங்க ஊரு எலெக்ஷன்ல நீங்க யாருக்குப் போடுவீங்க?"

"போன தடவ போடவே போகல. முட்டி வலி."

"போடலன்னா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"எவன் சொல்றது? எனக்குப் பிடிக்காதவன் ஜெயிச்சான். அவன்தான் இப்ப எனக்கு பென்ஷன் அனுப்பறான். உயிரோட இருக்கேன்னு வருஷத்துக்கு ஒருவாட்டி காயிதம் அனுப்பினா போதும்." பொலின் சிரித்தாள். "நீங்கதான் பயந்து சாவுறீங்க. பென்ஷன் ஒன் உரிமைடி கலை."

"ஒங்களுக்குக் குடுக்கறவன் மூஞ்ச நீங்க பாத்ததில்ல மதாம். எனக்குக் குடுத்தவரு எம் புருஷன் படத்துக்கு மால போட்டுட்டுப் போயிருக்காரு."

பொலின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உப்பு பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போனாள். கலைவாணிக்கு அவள் மேல் கோபம் வந்தது, உடனே பொறாமையும் வந்தது. யாருக்கும் தலைகுனியாமல் வருகிற ஒரு சோறு உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. சந்து ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். கலைவாணி பின்னால் நின்ற ஆயம்மாவிடம், "கடைசி பட்டன்" என்று வாய்க்குள் சொன்னாள். "தெரியுது தெரியுது" என்றாள் ஆயம்மா.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றதும் கலைவாணியின் விரல் நேராகக் கீழே, கடைசிப் பட்டனுக்குத்தான் போனது. அங்கே நின்றது. மகள் பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். வீட்டு வாடகையைப் பென்ஷன்தான் கட்டுகிறது. சமையல் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகிறது. சந்தே நோட்டாவில் போடும்போது நம்முடைய ஒன்று மேலே விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. மேலே விழுந்த ஒன்றிரண்டில் ஒன்று என்னுடையது என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளலாம். விரல் எழும்பி எம்.எல்.ஏ.வின் சின்னத்துக்குப் போய் அமுக்கியது. கண்ணாடிக்குள் விளக்கு எரிந்து, அந்தச் சின்னம் போட்ட சீட்டு தெரிந்து, கீழே விழுந்தது. வெளியே வந்தபோது வெயில் என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எண்ணுகிற அன்று எம்.எல்.ஏ. ஜெயித்தார். அதில் ஆச்சரியம் இல்லை. மத்தியானம் ஏஜெண்டுகள் பூத் கணக்கோடு வந்தபோதுதான் சந்துக்கு மூச்சு நின்றது. அந்தத் தொகுதியிலேயே அவருக்கு அதிகம் விழுந்த பூத் அவர்களுடையது. நோட்டாவில் விழுந்தது ஒன்று. ஒன்றே ஒன்று.

அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாம் ஒருத்தர்தானே என்று நினைத்த கலைவாணியைப் போலவே ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். சாயங்காலம் மெல்லப் பேச்சு வந்தது. "அந்த ஒண்ணு நான்தான், வேற எவனுக்கு ரோஷம் இருக்கு இங்க?" என்று ஜெயத்தின் புருஷன் முதலில் ஆரம்பித்தான். இருட்டுவதற்குள் அந்த ஒற்றை நோட்டாவை ஏழெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். கலைவாணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததாலேயே அது அவள்தான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், கற்பூரம் கொளுத்தியவள், வேறு யாராக இருக்கும்? ஜெயம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தியாவது மனுஷியா நின்னியே கலை" என்று சொல்லி அழுதாள். மகளும் அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கலைவாணியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் விடுகிற நேரத்தில் ஹேமலதா வந்தாள். குடமும் பக்கெட்டுமாய்ச் சந்தே குழாயடியில் நின்றது.

"அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள். "இந்தச் சந்த மறக்கமாட்டேன்னாரு. ஆனா அந்த ஒண்ணு யாருன்னு கேக்குறாரு. கோவமெல்லாம் இல்ல, சும்மா தெரிஞ்சிக்கத்தான். பென்ஷனுக்கெல்லாம் வேற மறுபடி வெரிஃபிகேஷன் வரப்போவுது, அதான் சொல்றேன்."

முதல் நாள் சாயங்காலம் நோட்டா போட்டவர்கள் அத்தனை பேரும் இப்போது தங்கள் குடத்துக்குள் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேமலதாவின் கண் கலைவாணியிடம் வந்து நின்றது.

"நீயா கலை? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். நான் போயி அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன். அடுத்த வீட்டுல கேட்டுட்டுப் போறேன்."

இல்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் பென்ஷன் பிழைக்கும், வாடகை பிழைக்கும். ஆனால் சொன்ன அந்த நிமிஷம் சந்துக்கு முன்னால் அவள் யார் என்று தெரிந்துவிடும், மகளுக்கும் தெரிந்துவிடும். அதோடு விடாது. ஹேமலதா அடுத்த வீட்டுக்குப் போவாள், அதற்கடுத்த வீட்டுக்குப் போவாள். இவள் பேச்சை நம்பி அந்த ஒரு பட்டனை அமுக்கிய யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கடைசியாகப் போய் நிற்பாள். வெட்கம் பாதி, அந்த முகம் தெரியாத ஆள் மேல் வந்த பதைப்பு பாதி. எது எவ்வளவு என்று கலைவாணியே பிரித்துச் சொல்ல முடியாது.

"நான்தான்" என்றாள்.

"யோசிச்சி சொல்லு."

"என்னாத்த யோசிக்கிறது? எம் புருஷன் குடிச்ச தண்ணி இது. நான்தான் போட்டேன்னு போயி சொல்லு ஒங்க அண்ணன்கிட்ட. வேற யாரு வீட்டுக்கும் போவாத."

ஹேமலதா ஸ்கூட்டியிடம் போனாள். அவளும் அந்த வார்டில் பிறந்து வளர்ந்தவள்தான், தணிகாசலத்தின் வண்டியில் சாமான் ஏற்றியவள்தான். "ஒன் தலையெழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். கலைவாணி பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாசத்து வாடகைக்கு யாரிடம் கேட்பது என்றுகூட மனம் போகவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டோமே என்றுதான் அடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஆயம்மா உள்ளே வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"என்னா பொய் ஆயம்மாக்கா?"

"ஒண்ணுதான விழுந்துது. அது நான் போட்டது."

கலைவாணிக்குத் தலை நிமிரவில்லை. தன்னுடைய ஓட்டு எங்கே போனது என்பது இப்போது இந்த ஒருத்திக்குத் தெரியும். ஆயம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. ஆயம்மா நகர்ந்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள். அப்போதுதான் கலைவாணிக்கு அழுகை வந்தது, தணிகாசலம் போன நாளில் வந்ததைவிடப் பெரிசாய் வந்தது.

"அந்தப் பணத்த விட்டா ஒனக்கு வேற கதியில்லியே ஆயம்மாக்கா. எனக்கு இல்லாத தைரியம் ஒனக்கு மட்டும் எங்கேருந்து வந்துது?"

"தைரியமா? எனக்கா?" ஆயம்மா அவளை வியப்பாகப் பார்த்தாள். "நீங்கல்லாம் போடுவீங்கன்னு நெனச்சித்தாண்டி போட்டேன்."