எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது

திங்கட்கிழமை காலை ரப்பர் பெக்டரி வாசலில் எல்லோரும் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். சுதாகரன் மட்டும் நின்றுகொண்டு தின்றான். அதைக் கருப்பாயி பார்த்துவிட்டாள்.

"ஏன்டா சுதா, உக்காரலையா?"

"சும்மாதான் அத்தை."

"சும்மா நிக்கிற ஆளா நீ? காலையில பெரட்டுல ஆள் எடுக்கையிலயே செவுத்துல சாஞ்சிக்கிட்டுத்தான் பேரு குடுப்ப." கருப்பாயி ரொட்டியை மடியில் வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூலமா?"

இல்லை என்றால் வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும். சுதாகரன் தலையை ஆட்டினான்.

ரொட்டி தீர்வதற்குள் பெக்டரியில் எல்லோரும் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். ரப்பர் பால் அளக்கும் ஐயாவு துத்தி இலை நல்லது என்றார். கோழிக்கறியை மறந்துவிடச் சொன்னாள் தங்கம்மா. லீவு கேட்கப் போனபோது பெக்டரி ஐயா கதவைச் சாத்திவிட்டு, பழைய டியூப்பில் காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும் என்று அனுபவஸ்தரின் குரலில் சொன்னார். காரணம் எதுவும் கேட்காமல் லீவும் கொடுத்தார்.

நடந்தது வேறு. கித்துல்கலையில் சுற்றுலாக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் இறக்கும் பிரதீபன்தான் இரண்டு வருடமாகச் சுதாகரனுக்கு எல்லாம். இடையில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தார்கள். அந்த நாட்களில் யார் எங்கே போனார்கள் என்று பிறகு இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் ஆணுறை. தெரிந்த முகம் இல்லாத மாவனல்லைக்குப் போய், மூன்று ஃபார்மசி ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து சுதாகரன்தான் வாங்கி வந்தான். கூடவே ஒரு ஜெல்லும் வாங்க வேண்டும் என்று போனில் படித்திருந்தான். அதைக் கேட்க வாய் வரவில்லை. பிரதீபனின் அறையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது. அது போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், பாதியில் ஆணுறை கிழிந்தது. சுதாகரனுக்கும் கொஞ்சம் கிழிந்தது.

"ஒன்னும் ஆகாது, பயப்படாத," என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் சொன்னான் பிரதீபன். ஆனால் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஒரு மருந்து உண்டு, அதை மூன்று நாளுக்குள் தொடங்கியாக வேண்டும் என்று அதே போனில் சுதாகரன் படித்தான். செவ்வாயோடு கெடு முடிகிறது. அதற்குள் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை கைக்கு வர வேண்டும். எதற்கென்று ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் லயத்து வீட்டு வரிசையில், பீலித் தண்ணீர் பிடிக்கப் போகும் அம்மா தலை நிமிர முடியாது.

லீவு கிடைத்த கையோடு பஸ்ஸுக்குப் போனால், அவனுக்கு முன்னால் கருப்பாயி சேலை மாற்றி, வெற்றிலைப் பையோடு நின்றாள்.

"நீங்க எங்க அத்தை?"

"ஆஸ்பத்திரிக்கு ஒத்தையில போவியா? ஆளில்லாத பொணமா நீ?"

அந்தத் தோட்டத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. துணைக்குப் போவது பெரும்பாலும் கருப்பாயிதான். இனி மறுத்தால்தான் சந்தேகம் வரும். சுதாகரன் பஸ்ஸில் ஏறினான். யட்டியாந்தோட்டையிலிருந்து ஆஸ்பத்திரிவரை நின்றுகொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் கருப்பாயி நம்பர் வரிசைக்குத் திரும்பினாள். "மூலத்துக்குத் தனியாப் பாக்கிறாங்க அத்தை, அந்தக் கோடியில," என்று சொல்லி அவளைத் திருப்பினான். பாலியல் நோய்களுக்கான அந்த அறையின் கதவில் எண் மட்டும்தான் இருந்தது. வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் ஒரே ஓர் ஆள், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

கருப்பாயி குனிந்து தொப்பிக்கடியில் பார்த்தாள். "நம்ம கோயில் தேருக்கு வந்த பையன்தானே? கித்துல்கல பிரதீபன்?"

பிரதீபன் எழுந்து நின்றான். 'பயப்படாத' என்று சொன்ன வாய் இப்போது வெளுத்திருந்தது. சுதாகரனுக்கு அவனை அடிக்கவும் கட்டிக்கொள்ளவும் ஒருசேரத் தோன்றியது.

"உனக்குமாய்யா மூலம்?" என்றாள் கருப்பாயி.

"ஆமாங்க."

"வராம என்ன செய்யும்? நாள் பூரா ஈரப் படகுல குந்திக்கிட்டு." கருப்பாயி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்தாள்.

உள்ளே டொக்டர் மதுஷா. யாழ்ப்பாணத்துப் பெண், சுதாகரன் வயதுதான் இருக்கும்.

"பெம்பிளையோடயோ, ஆம்பிளையோடயோ?" தேநீருக்குச் சீனி போடவா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆம்பளையோட," என்று மேசையிடம் சொன்னான் சுதாகரன்.

"கொண்டம் போட்டனீங்களோ?"

"போட்டோம். கிழிஞ்சிருச்சு."

"என்ன பூசினனீங்கள்?"

"தேங்காயெண்ண."

பேனா நின்றது. "எங்க வேலை?"

"ரப்பர் பெக்டரியில. ஷீட் தரம் பிரிக்கிறேன்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. ரப்பரில எண்ணெய் பட்டால் என்ன நடக்கும்?"

ஷீட் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. 'எண்ணெய்க் கையோடு தொடக் கூடாது.' தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டவன் சுதாகரன்தான். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்த கருப்பாயியைப் போன மாதம் இரண்டு தடவை கை கழுவ அனுப்பியவனும் அவன்தான்.

"இளகிப் போயிரும், டொக்டர்."

"இதுவும் அதே ரப்பர்தான்."

மதுஷா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு அவனைச் சோதித்தாள். "சின்ன வெடிப்பு. மூலம் இல்லை."

"மூலம்னே இருக்கட்டும் டொக்டர். வெளிய அப்படித்தான் சொல்லியிருக்கு."

"சரி. ஆனால் மூலமும் வெடிப்பும் ஒரே வருத்தம் என்று நினையாதேங்கோ." தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரை பழம் சாப்பிட வேண்டும், முக்கக் கூடாது, இளஞ்சுடு நீரில் உட்கார வேண்டும், ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றாள். இரத்தம் நிற்காவிட்டாலும், தடிப்பு ஏதும் தட்டுப்பட்டாலும் வெட்கப்படாமல் வர வேண்டும். எண்ணெய் இல்லாத, தண்ணீரில் செய்த ஜெல் பக்கெட்டுகளை மேசையில் வைத்தாள். "கஞ்சத்தனம் பாராமல் பூசுங்கோ. அவசரப்படாதேங்கோ. உங்கட ஆளும் வந்து இரத்தம் குடுத்தால் நல்லம்."

"வெளிய உக்காந்திருக்காரு."

இரத்தம் எடுத்தார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில், ஒரு நாள்கூட விடக் கூடாது. "ஞாபகப்படுத்த வீட்டில ஆராவது இருக்கினமோ?"

எதற்கென்று சொல்லாமல் யாரிடம் கேட்பது? சுதாகரன் இல்லை என்றான். அடுத்து உள்ளே போன பிரதீபனுக்கும் இரத்தம் எடுத்து அதே மாத்திரையைக் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கருப்பாயி சுதாகரனின் கையிலிருந்த மாத்திரைப் போத்தலைத் தட்டினாள். "எத்தன நாளைக்கி?"

"ஒரு மாசம். ராத்திரி ஏழு மணிக்கு."

அன்று ஏழு மணிக்கு லயத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "சுதா, மூல மாத்திர போட்டியா?" மறுநாளும் வந்தது. கருப்பாயி மகள் வீட்டுக்குப் போன வாரத்தில் பொறுப்பைத் தங்கம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஐயாவு பீடியோடு வந்து, போத்தலில் மாத்திரை குறைகிறதா என்று பார்த்தார். ஒரு நாளும் தப்பவில்லை. தன் மாத்திரையை எடுக்கப் பிரதீபனுக்கு அலாரம்கூடத் தேவைப்படவில்லை. ஏழு மணிக்கு சுதாகரனுக்குப் போன் எடுத்தால் போதும், கருப்பாயியின் குரல் கித்துல்கலைவரை கேட்டது.

மாத்திரை முடிந்த பிறகு சொன்ன தேதிகளில் போய் மறுபடியும் இரத்தம் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்றாள் மதுஷா. அன்று சுதாகரன் பெக்டரி வாசலில் எல்லோரோடும் உட்கார்ந்து ரொட்டி தின்றான்.

கருப்பாயி பக்கத்தில் வந்து ஒரு போத்தலை நீட்டினாள். "ஆமணக்கெண்ண. துத்தி போட்டுக் காச்சுனது. திரும்ப வராம பூசிக்க. அந்தப் பையனுக்கும் குடு."

"வேணாம் அத்தை. எண்ண ரப்பருக்கு ஆகாது."

"அது பெக்டரியில. இது உனக்கு."

இதற்கு மேல் அவளிடம் என்ன விளக்க முடியும்? சுதாகரன் போத்தலை வாங்கிக்கொண்டான். சாயங்காலம் அதை மாரியம்மன் கோயில் விளக்கில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான். பிறகு பீலியடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கையை இரண்டு தடவை கழுவினான்.